வந்த வாசலில் திரும்பினால் தோஷமா?

திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோவிலுக்குப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கிழக்குக் கோபுர வாசல் வழியாய் உள்ளே போன பக்தன் அதே வாசல் வழியாய் வெளியே வரமாட்டான். செருப்பைக் கிழக்கே விட்டிருந்தாலும் சரி, சித்திரை வெயிலில் வெறுங்காலோடு வீதியைச் சுற்றி வந்துதான் அதை எடுத்துக்கொள்வான். ஏனப்பா என்று கேட்டால் கதை சொல்வான். வரகுண பாண்டியன் என்கிற ராஜா குதிரைமேல் போகும்போது ஒரு பார்ப்பனர் குதிரைக் காலில் மிதிபட்டுச் செத்துப்போனாராம். ராஜாவைப் பிரமஹத்தி பிடித்துக்கொண்டதாம். இந்தக் கோவிலுக்குள் அவன் நுழைந்தபோது அது உள்ளே வரப் பயந்து கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டதாம். “நீ மேற்கு வாசலால் போய்விடு” என்று சாமி யோசனை சொன்னதாம். அன்று முதல் அந்தப் பிரமஹத்தி வாசலில் காத்துக்கொண்டே இருக்கிறதாம். அதற்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். சர்வ வல்லமையுள்ள சாமிக்கு அதை விரட்டத் தெரியவில்லை, வேறு வழியைக் காட்டத்தான் தெரிந்தது என்பதையாவது பக்தர்கள் யோசிக்க வேண்டாமா? ராஜா செத்து மண்ணாகிப் பல நூறு வருஷம் ஆகிவிட்ட சங்கதியை அந்தப் பிசாசுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது!

இந்தக் கதையை இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. வந்த வழியே திரும்பினால் தோஷம் என்கிற புத்தி கோவில் வாசலோடு நின்றுவிடவில்லை. படித்தவர்களிடத்திலும், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களிடத்திலும், அவர்கள் செய்யும் விளையாட்டை ஆடும் பையன்களிடத்திலும் அது புகுந்திருக்கிறது. “மாற்றியது மாற்றியதுதான், இனிமேல் பழையபடி செய்வதாவது!” என்று அவர்கள் பேசும்போது, கிழக்கு வாசலில் நிற்கும் பிரமஹத்திதான் நமக்கு ஞாபகம் வருகிறது.

நாம் சொல்ல வந்தது ‘ஓவர்வாட்ச்’ என்கிற விளையாட்டில் வரும் ஒரு பெண் பாத்திரத்தைப் பற்றி. ஒரு பகுத்தறிவுப் பத்திரிகை இதையெல்லாம் எழுதுவானேன் என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு சுளிக்கட்டும். கோடிக்கணக்கான ஜனங்கள் கூடுகிற இடம் எதுவானாலும், அங்கே யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்று கேட்பது நம் வேலைதான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். நம் ஊர்ப் பையன்கள் கைப்பேசியில் ஆடும் பிஜிஎம்ஐ போல இதுவும் இன்டர்நெட் மூலம் ஆளுக்கு ஆள் எதிர்த்து ஆடும் சண்டை ஆட்டம். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள பிளிஸார்ட் கம்பெனியார் 2016 மே மாதம் வெளியிட்டார்கள். அப்போது ஒரு பக்கத்துக்கு 6 பேர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடக்கத்தில் 21 பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆயுதம், வெவ்வேறு வித்தை. அவர்களில் ஒருத்தி சிமெட்ரா. கதைப்படி அவள் பெயர் சத்யா வாஸ்வானி. நம் பக்கத்து ஐதராபாத்துக்காரி. கொடிய வறுமையில் பிறந்து, விஷ்கார் என்கிற கற்பனைக் கம்பெனியின் பள்ளியில் சேர்க்கப்பட்டு, ஒளியைத் திரட்டிச் சுவரும் கட்டடமும் எழுப்பும் வித்தையில் தேறியவள் என்று எழுதியிருக்கிறார்கள். குழந்தையில் கற்ற நம் நாட்டு நாட்டியத்தின் முத்திரைகளைப் போலக் கையை அசைத்தே அவள் பொருள்களை உண்டாக்குவாள். அன்றியும், அவள் ஆட்டிசம் உள்ளவள் என்பதை அப்போது ஆட்டத்தின் தலைமை அமைப்பாளராயிருந்த ஜெஃப் கேப்லன் 2017 இல் ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். உலகமெங்கும் ஓடுகிற ஒரு சண்டை ஆட்டத்தில் ஒரு இந்தியப் பெண். ஏழை வீட்டுப் பெண். மற்றவர்களைப் போலப் பேசிப் பழக வராத பெண். அவளுக்குக் கொடுத்த உத்தியோகமோ சமையலுமல்ல, ஒப்பாரியுமல்ல, கட்டட வேலை! நம் நாட்டுச் சினிமாக்காரர்கள் செய்யாததை எங்கோ கலிபோர்னியாவிலிருந்தவர்கள் செய்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

2016 இல் அவள் கையில் இருந்தவை என்னவென்று பார்ப்போம். முதலாவது, ஒரு ஒளிக்கதிர். எதிரி கிட்டத்தில் வந்தால் அது தானாகவே அவனைப் பற்றிக்கொள்ளும். பற்றியிருக்க இருக்க அதன் உக்கிரம் ஏறும். குறி பார்த்துச் சுடத் தேவையில்லை. ஆனால் சுமார் 5 மீட்டருக்குள் எதிரி வரவேண்டும். அதற்கு வெளியே நிற்கிறவனை அது ஒன்றும் செய்யாது. இரண்டாவது, சுவரிலும் கூரையிலும் ஒட்டி வைக்கும் சிறு காவற்பொறிகள். பையன்கள் ‘டரெட்’ என்கிறார்கள். ஒரே சமயத்தில் 6 வரை வைக்கலாம். ஒரு தட்டுத் தட்டினால் உடைந்துபோகிற அற்பமானவைதான். ஆனால் எந்த மூலையில், எந்த நிலைக்கு மேலே, எந்தத் தூணுக்குப் பின்னால் வைப்பது என்று தெரிந்து வைத்தால் ஓடிவருகிறவன் அகப்பட்டுக்கொள்வான். மூன்றாவது, தன் பக்கத்து ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஒளிக் கவசம் கொடுப்பாள்; அவன் சாகும்வரை அது அவனோடு இருக்கும். கடைசியாக, டெலிபோர்ட்டர் என்கிற ஒரு வாசல். செத்துத் திரும்பவும் புறப்படுகிற தோழன் நெடுந்தூரம் நடக்காமல் அதில் நுழைந்து சண்டை நடக்கும் இடத்துக்கே வந்துவிடலாம்.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். கை வேகம் எங்கே தேவைப்படுகிறது? எங்குமில்லை. இடத்தை அறிய வேண்டும். எதிரி எந்த வழியாய் வருவான் என்று கணக்குப் போட வேண்டும். உடைந்ததைச் சலிக்காமல் திரும்ப வைக்க வேண்டும். தோழர்களைக் கவனிக்க வேண்டும். மேஸ்திரி வேலை மாதிரி.

பிறகு என்ன நடந்தது? 2016 டிசம்பரில் ஒரு மாறுதல் செய்து, தோழர்களுக்குக் கொடுத்த கவசத்தைப் பிடுங்கிக்கொண்டு, முன்னால் நகர்ந்து போகும் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். அது போகட்டும். 2018 ஜூன் மாதத்தில் அவளை அடியோடு மறுவார்ப்புச் செய்தார்கள். கதிர் தானே பற்றும் குணம் போயிற்று. இனி மற்றத் துப்பாக்கிக்காரனைப் போலக் குறி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 6 காவற்பொறிகள் 3 ஆயின. அவற்றைத் தூர எறிந்து ஒட்டலாம் என்று ஒரு சலுகை தந்தார்கள். டெலிபோர்ட்டர், அடிக்கடி போட்டு எடுக்கும் குறுக்குவழியாயிற்று. ஆட்டக்களம் முழுவதையும் குறுக்கே மறிக்கும் ஒரு பிரமாண்டமான ஒளிச் சுவர் அவளுடைய பெரிய வித்தையாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘துணை செய்வோர்’ வகுப்பிலிருந்து அவளைத் தூக்கித் ‘தாக்குவோர்’ வகுப்பில் போட்டார்கள்.

வகுப்பு மாற்றத்துக்குச் சொன்ன காரணம்தான் வேடிக்கை. அவள் யாருக்கும் காயம் ஆற்றுவதில்லையாம். ஆகவே அவள் துணை செய்கிறவள் என்று சொல்லப் பொருத்தமில்லையாம். ஏன் ஐயா, ஒரு ஊரில் வைத்தியன் ஒருவன்தான் உபகாரியா? வாய்க்கால் வெட்டினவன், பாலம் கட்டினவன், இருட்டில் விளக்கு வைத்தவன் எல்லாம் யார்? தொடக்கத்தில் துணை செய்வோர் 4 பேர். அவர்களில் 3 பேர் காயம் ஆற்றினார்கள், ஒருத்தி கட்டினாள். மூவரைப் போல நாலாமவள் இல்லை என்றால் வகுப்பின் இலக்கணத்தை விரிவாக்குவது ஒரு வழி. அவளை வெட்டித் தைப்பது இன்னொரு வழி. நாமே போட்ட கோட்டுக்கு ஆள் பொருந்தாவிட்டால் கோட்டை மாற்றாமல் ஆளை மாற்றும் இந்த வித்தையை நம் நாட்டு ஜனங்களுக்குப் புதிதாய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 இல் கம்பெனியார் இன்னொரு விதியும் கொண்டுவந்தார்கள்: போட்டி ஆட்டத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று. அதன் பலன் என்ன? இருக்கிற இரண்டு தாக்குவோர் இடத்துக்கு, கழுகுக் கண்ணும் மின்னல் கையும் உள்ள துப்பாக்கிக்காரர்களோடு இந்தக் கட்டடக்காரி போட்டியிட வேண்டியதாயிற்று.

இங்கே “திறமை” என்று ஒரு சொல் எழும்பும். “குறி வைக்காமல் ஜெயிப்பது திறமையா? கை வேகமில்லாதவன் ஏன் ஆட வேண்டும்?” என்று கேட்பார்கள். திறமை, தகுதி என்ற சொற்கள் காதில் விழுந்தாலே நமக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வந்துவிடுகிறது. அளக்கிறவன் யார், எந்தக் கோலால் அளக்கிறான் என்று கேட்காமல் அந்த அளவை நாம் ஒப்புக்கொள்வதில்லை. சுட்டு விரல் ஒரு நொடியில் எத்தனை தரம் அசைகிறது என்பது ஒரு திறமைதான், மறுக்கவில்லை. அது ஒன்றுதான் திறமை என்று யார் தீர்ப்புச் சொன்னது? ஒரு வீட்டில் எந்த நிலைக்கு மேல் எதை வைத்தால் திருடன் அகப்படுவான் என்று யோசிக்கிற மூளை திறமையில்லையா? இருபது வயதில் இருந்த கை வேகம் நாற்பதில் இருப்பதில்லை. விரல் வளைந்தவன், கை நடுங்குகிறவன், கண் மங்கினவன், ஒரு கையால் மட்டும் காரியம் செய்கிறவன், இவர்களெல்லாம் உலகத்தில் இருக்கிறார்கள். பழைய சிமெட்ரா அவர்களுக்கு ஒரு தனிச் சலுகை கொடுக்கவில்லை. மற்றவர்களோடு சமமாய் நின்று, தன் யோசனையால் ஜெயிக்கவும் தோற்கவும் ஒரு வழி வைத்திருந்தாள்.

இது ஏட்டுப் பேச்சல்ல என்பதற்கு நாம் கண்ணால் கண்டது ஒன்றைச் சொல்லுகிறோம். 2024 நவம்பரில் அந்தக் கம்பெனியார், ‘கிளாசிக்’ என்ற பெயரில், 2016 இல் இருந்தபடியே 21 பாத்திரங்களையும், ஒரு பக்கத்துக்கு 6 பேரையும் வைத்துச் சில வாரங்கள் ஆடவிட்டார்கள். நம் தமக்கையார் மகன் இன்ஜினீயரிங் படித்தவன். வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். தமக்கையார் கணவர் பக்கத்துத் திருபுவனத்தில் நாற்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். இப்போது வலது கை லேசாக நடுங்குகிறது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் இழை தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பையன் பலவந்தமாய் நாற்காலியில் உட்கார்த்தி, “அப்பா, இவள் உங்களுக்குச் சரியாய் வருவாள். சுட வேண்டாம், இடம் பார்த்து வைத்தால் போதும்” என்றான். அவர் முதல் அரை மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். நாம் சிரித்தோம்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஒரு வாசற்படியின் எதிரில் நின்று சுற்றிப் பார்த்தார். “எல்லோரும் இந்த வழியாய்த்தானே வருகிறார்கள்?” என்று கேட்டார். பையன் ஆமென்றான். வாசலுக்கு எதிரே வைத்தால் வரும்போதே பார்த்து உடைத்துவிடுவார்கள் என்று கண்டு, நுழைகிறவனுடைய முதுகுப் பக்கம், நிலைக்கு மேலே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, எதிர்த் தூணின் மறைவில் இரண்டு என்று வைத்தார். பாவு பிணைக்கும்போது இழை எண்ணுகிற அதே முகம். உள்ளே பாய்ந்து வந்த ஒருவன் திரும்பிப் பார்ப்பதற்குள் விழுந்தான். இரண்டாமவனும் விழுந்தான். மூன்றாமவன் வந்து பொறிகளையெல்லாம் உடைத்து அவரையும் கொன்றுபோட்டான். “அத்தான், போதுமா?” என்றோம். “இருங்கள் மாப்பிள்ளை, அந்தத் தூண் சரியில்லை, கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்” என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். அந்த ஆட்டத்தில் அவர் பக்கம் தோற்றது. சாப்பாடு ஆறிப்போனதற்குத் தமக்கையார் எங்கள் மூவரையும் வைதார். ஆனால் எதிர்ப் பக்கத்தில் எந்த நாட்டிலிருந்தோ ஆடிய யாரோ ஒருவன், அறுபது வயது நெசவாளி வைத்த கண்ணியில் இரண்டு தரம் விழுந்தான் என்பது நிஜம். அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் குறைந்துவிடப் போவதில்லை.

நிற்க. எதிர்க்கட்சி பேசுகிறவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. பழைய சிமெட்ரா தற்காப்புக்குத்தான் உதவினாள். முன்னேறித் தாக்கும் பக்கத்தில் அவளை எடுத்தால் சொந்த அணிக்காரனே வைவான். தேர்ந்த ஆட்டக்காரர்கள் நடுவில் அவளை எடுப்பவர் அபூர்வம். தானே பற்றும் கதிரில் மாட்டிக்கொண்டவனுக்கு எரிச்சல் வருவதும் உண்மை. இவையெல்லாம் குறைகள். ஆனால் குறையைத் தீர்ப்பதற்கும், ஆளையே மாற்றுவதற்கும் வித்தியாசமில்லையா? காலில் முள் தைத்தால் முள்ளை எடுப்பார்களா, காலை எடுப்பார்களா? தாக்கும் பக்கத்தில் பிரயோஜனமில்லை என்றால் அங்கே உதவும்படி டெலிபோர்ட்டரைச் சீர்படுத்தலாம். அதை 2018 இல் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். அதற்காகக் கதிரையும் காவற்பொறிகளையும் கவசத்தையும் ஏன் பிடுங்க வேண்டும்? எரிச்சல் என்கிறார்கள். அரை மைல் தூரத்திலிருந்து ஒரே குண்டில் தலையைச் சிதறடிக்கிறவனும் அந்த ஆட்டத்தில் இருக்கிறானே, அவனால் செத்தவனுக்கு எரிச்சல் வரவில்லையா? அது மட்டும் ‘திறமை’ என்று பெயர் பெற்றுவிட்டது.

“கை வேகமில்லாதவர்களுக்கு வேறு பாத்திரங்கள் இருக்கின்றனவே, வின்ஸ்டன் என்ற குரங்கு இருக்கிறது, மொய்ரா இருக்கிறாள்” என்று நம் மருமகனே கேட்டான். வாஸ்தவம். வின்ஸ்டன் துப்பாக்கிக்கும் குறி அவ்வளவாய் வேண்டியதில்லை. ஆனால் வின்ஸ்டன் பாய்ந்து பாய்ந்து விழ வேண்டும். மொய்ரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்து யோசித்துக் கட்டுகிறவர்களுக்கு என்று இருந்த இடம் வேறு. அது டோர்பியான் என்ற கொல்லனிடத்தில் கொஞ்சம், இவளிடத்தில் அதிகம் இருந்தது. பத்துக் கதவு திறந்திருக்கிறதே, பதினொன்றாவது கதவை அடைத்தால் என்ன என்பது கதவுக்கு வெளியில் நிற்காதவன் பேசும் பேச்சு.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிமெட்ராவுக்கு ‘தேவி’ என்று ஒரு உடுப்பு உண்டு. பெண் தெய்வம் மாதிரி அலங்காரம். 2016 இல் அமெரிக்காவிலுள்ள ஒரு இந்து மதத் தலைவர் அதைக் கண்டு மனம் புண்பட்டு, அந்த உடுப்பை நீக்க வேண்டுமென்று கம்பெனிக்கு வேண்டுகோள் விட்டார். கம்பெனி நீக்கவில்லை. தெய்வத்துக்குக் கோபம் வந்ததாகவும் தகவல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மாட்டின துணியைப் பற்றி அவ்வளவு கவலை! இரண்டு வருஷம் கழித்து அவள் செய்துகொண்டிருந்த வேலையையே பிடுங்கினபோது, மதத்தின் பேரால் வாய் திறந்தவர் யாரையும் நாம் கேள்விப்படவில்லை. பெண் என்றால் அவர்கள் கண்ணுக்கு உடுப்பு தெரிகிறது, வேலை தெரிவதில்லை.

இனி நம் தோழர்கள் சிலருக்கே வரக்கூடிய சந்தேகத்துக்கு வருவோம். “பழையதெல்லாம் ஒழிய வேண்டும் என்கிற கட்சியைச் சேர்ந்த நீங்கள், பழையபடி ஆக்கு என்று கேட்கலாமா? இது வைதிகமல்லவா?” என்று ஒரு இளைஞர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. நாம் பழையதை ஒழிக்கச் சொல்வது அது பழையது என்பதற்காக அல்ல. அது அநியாயம் என்பதற்காக. புதியதை வரவேற்பது அது புதியது என்பதற்காக அல்ல. அது ஜனங்களுக்கு உபயோகம் என்பதற்காக. “முன்னோர் சொன்னார்கள், ஆகையால் சரி” என்பது எவ்வளவு மூடத்தனமோ, “இப்போது வந்தது, ஆகையால் சரி” என்பதும் அவ்வளவு மூடத்தனம்தான். முன்னவன் பஞ்சாங்கத்தைக் கும்பிடுகிறான், பின்னவன் காலண்டரைக் கும்பிடுகிறான்.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி. மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் நகருவான். ஐரோப்பாவில் அவனை ராணியாக்கி, சுமார் 500 வருஷத்துக்கு முன் எட்டுத் திக்கிலும் எவ்வளவு தூரமும் போகலாம் என்று மாற்றினார்கள். ஆட்டம் விறுவிறுப்பாயிற்று, ஆடுகிறவன் எவனும் வெளியே தள்ளப்படவில்லை, உலகம் ஏற்றுக்கொண்டது. அந்த மந்திரியைத் திரும்பக் கொண்டுவா என்று நாம் கேட்கப் போவதில்லை. (நீடாமங்கலம் பக்கம் திருப்பூவனூரில் சாமியே சதுரங்கம் ஆடி ஜெயித்ததாகக் கோவில் இருக்கிறது. சாமி ஆடியது மந்திரி வைத்தா, ராணி வைத்தா என்று ஸ்தல புராணக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.) இதற்கு நேர்மாறாக, 2005 இல் ஒருநாள் கிரிக்கெட்டில் ‘சூப்பர் சப்’ என்று ஒரு புது விதி வந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவனுக்குப் பதில் மாற்றாள் இறங்கி மட்டையும் பிடிக்கலாம், பந்தும் போடலாம். அந்த மாற்றாளைக் காசு சுண்டுவதற்கு முன்பே குறிப்பிட வேண்டுமென்பதால், காசு ஜெயித்தவனுக்கே அனுகூலம் என்று கண்டார்கள். அடுத்த வருஷமே விதியை ரத்து செய்துவிட்டுப் பழையபடி ஆடினார்கள். எந்தப் பிரமஹத்தியும் எந்த மைதானத்து வாசலிலும் அவர்களைப் பிடித்துக்கொள்ளவில்லை.

பிளிஸார்ட் கம்பெனியாரே திரும்பாதவர்கள் அல்ல. 2022 அக்டோபரில் பழைய ஆட்டத்தை மூடி, ‘ஓவர்வாட்ச் 2’ என்று புதிது வைத்து, பக்கத்துக்கு 6 பேரை 5 ஆக்கினார்கள். 5 தான் சிலாக்கியம் என்றார்கள். ஜனங்கள் விடாமல் கேட்கவே, 2024 டிசம்பரில் 6 பேர் ஆட்டத்தைப் பரீட்சையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே திரும்ப முடியாது என்பது பொய். அதே வருஷம் நவம்பரில் பழைய சிமெட்ரா சில வாரங்கள் வந்து போனாளே, ஆகவே அவளைத் திரும்பச் செய்யும் வித்தை மறந்துபோயிற்று என்பதும் பொய். சரக்கு கிடங்கில் இருக்கிறது. திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுத்துக் காட்டிவிட்டுப் பூட்டிவைக்க அவள் என்ன உற்சவ மூர்த்தியா?

இதில் பணம் சம்பந்தப்பட்ட நியாயமும் ஒன்று உண்டு. 2016 இல் அந்த ஆட்டத்தை இனாமாய்க் கொடுக்கவில்லை, விலைக்கு விற்றார்கள். தறி வாங்கினவன் வீட்டுக்கு விற்றவன் ராத்திரியில் வந்து, “இதைவிட நல்ல தறி” என்று வேறொன்றை மாட்டிவிட்டுப் பழையதைக் கொண்டுபோனால் ஊர் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர் சரக்கில் மட்டும், விற்ற பிறகும் விற்றவனே சொந்தக்காரன் என்று ஒரு சாஸ்திரம் எழுதிவைத்திருக்கிறார்கள். “நான் சம்மதிக்கிறேன்” என்ற பொத்தானை அமுக்கிவிட்டாயே என்பார்கள். அது படிக்க முடியாத நீளம், புரியாத பாஷை, அமுக்காவிட்டால் கதவு திறக்காது. புரோகிதன் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லும் மந்திரத்துக்கும் இந்தச் சம்மதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. இப்போதைய ஆட்டம் இனாமாய்க் கிடைக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். முதலில் விலை கொடுத்தவன் கொடுத்தது அதனால் திரும்பி வந்துவிடவில்லை.

ஆகையால் நாம் கேட்பது இது. கதிருக்குத் தானே பற்றும் குணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எட்டும் தூரத்தை வேண்டுமானால் பழையபடி குறைத்துக்கொள்ளட்டும். காவற்பொறிகள் மறுபடி 6 ஆக வேண்டும். எறிந்து ஒட்டும் வசதி நல்லது, அது இருக்கட்டும். தோழர்களுக்குக் கொடுக்கும் கவசம் திரும்ப வேண்டும். அது வந்தால் அவள் துணை செய்வோர் வகுப்பில் உட்கார யார் ஆக்ஷேபிக்க முடியும்? பெரிய ஒளிச் சுவரை அவர்கள் எடுத்துக்கொண்டாலும் நமக்குப் புகார் இல்லை. புதிய சிமெட்ராவோடு பழகி, அவளையே விரும்புகிறவர்களும் 2018 க்குப் பிறகு வந்திருக்கிறார்கள்; அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்குவதும் அதே தப்பாகும். இரண்டு வடிவத்தையும் வைத்து, ஆட்டக்காரன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதில் கம்பெனிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. இப்போது மைக்ரோசாப்ட் கையில் இருக்கிற கம்பெனிக்கு அந்தக் கூலி கொடுக்க வகையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மருமகன் இதையெல்லாம் இங்கிலீஷில் கடிதமாய் எழுதிக்கொண்டிருக்கிறான். “மாமா, பிரமஹத்தி கதையை எப்படி மொழிபெயர்ப்பது?” என்று நேற்றுக் கேட்டான். அதை விட்டுவிடு, கதிரையும் கவசத்தையும் மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறோம். கையெழுத்துப் போட முதலில் வந்தவர் அத்தான். தூணின் விஷயத்தையும் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்கிறார். அவர் மனதில் அது இன்னும் சரியாகவில்லை.